தொட்டி நிறைந்த பிறகும் ஓடிய மோட்டார்: செட்டிநாட்டுப் பேரூராட்சி ஒன்றின் மின்கணக்கு

2022 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பேரூராட்சி அலுவலகத்தின் நீள மேசை முழுக்க மின்கட்டண ரசீதுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். அதற்கு முந்தின மாதம்தான் புதிய மன்றம் பொறுப்பேற்றிருந்தது. 2016 அக்டோபருக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அந்த வருடங்களில் பில் வந்தது, பணம் கட்டப்பட்டது, அவ்வளவுதான். ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்க வார்டுக்கு ஒரு ஆள் இல்லை.

புதிய மன்றத்தின் முதல் கூட்டங்களிலேயே, "கரண்ட் பில் கட்டியே பொது நிதி கரைகிறது, அலுவலக மாடியில் சோலார் போட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுந்தது. நான் மில்லில் முப்பது வருடம் மின்பராமரிப்பு பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்த வகையில் என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். போடலாம், ஆனால் கரண்ட் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம் என்றேன். அப்படித்தான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தோம்.

ஊரின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், வேலை செய்கிற யாருக்கும் அதனால் சங்கடம் வரக்கூடாது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை, மொத்தக் கம்பங்கள் என்று சொன்னால் ஊர் தெரிந்துவிடும் என்பதால், ஒரு விளக்குக்கு எவ்வளவு, ஒரு தொட்டிக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்கிறேன். உங்கள் ஊர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் உங்கள் ஊர்க் கணக்கு வந்துவிடும்.

பூட்டிய வீடுகளின் தெரு

செட்டிநாட்டில் ஆதியில் 96 ஊர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது எழுபத்துச் சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அவை பரவிக்கிடக்கின்றன. காரைக்குடி 1928இல் நகராட்சியாகி, 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை போன்றவை பேரூராட்சிகள். மீதி பெரும்பாலும் ஊராட்சிகள்.

இந்த ஊர்களின் மின்செலவைப் புரிந்துகொள்ள முதலில் தெருவைப் பார்க்க வேண்டும். வேறு ஊர்களில் ஒரு தெரு என்றால் இருபுறமும் நெருக்கமாக வீடுகள், வீட்டுக்கு நாலைந்து பேர். இங்கே ஒரு வீடு முன்தெருவில் முகப்போடு தொடங்கி, வளவு என்கிற திறந்த உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு பின்தெருவில் போய் முடியும். ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவிலும் விளக்குக் கம்பம் வேண்டும். அந்த வீட்டில் ஆள் இருப்பாரா என்றால், பல வீடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும். மற்ற நாளில் ஒரு வாட்ச்மேன், அல்லது திண்ணையில் ஒரு பாட்டி.

ஆள் குறைவு, தெரு நீளம். சொத்து வரி வீட்டுக்கு வருகிறது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்படும் நிதி ஆளைப் பார்த்துத்தான் வருகிறது. விளக்கும் குழாயும் தெருவின் நீளத்தைப் பார்த்துச் செலவாகின்றன. செட்டிநாட்டுப் பேரூராட்சிகளின் பணக் கஷ்டத்தில் பெரிய பங்கு இந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் மின்வாரியக் கணக்கில் 2-ஏ என்ற ஒரே கட்டணப் பிரிவில் வருகின்றன. ரசீதைப் பார்த்தவுடன் எது விளக்கு, எது மோட்டார் என்று தெரியாது. சர்வீஸ் நம்பரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எந்த நம்பர் எந்த இடம் என்று எழுதிய பட்டியல் அலுவலகத்தில் இருந்தது, ஆனால் பழசு. மூடிப்போன ஒரு போருக்கும் (ஆழ்துளைக் கிணற்றுக்கும்) நம்பர் இருந்தது. நாங்கள் இரண்டு சனிக்கிழமை சைக்கிளில் சுற்றி, ஒவ்வொரு மீட்டர் பெட்டியிலும் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துப் பட்டியலைப் புதுப்பித்தோம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் அது இருட்டில் தடவுவதுதான்.

பிரித்து வைத்ததும் மேசையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. விளக்குக்கட்டு சின்னதாக இருந்தது, மோட்டார்க்கட்டு பெரிதாக இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற விளக்கைப் பற்றித்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம்.

விளக்கு

விளக்குக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. மெயின் ரோட்டில் முன்பே எல்.இ.டி. வந்துவிட்டது. உள்தெருக்களில் பாதி டியூப்லைட். 40 வாட் டியூப் பழைய செம்புக் கம்பிச் சோக்கோடு சேர்ந்து 55 வாட் வரை இழுக்கும். நம் பக்கத்தில் வருடம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் இரவுக்குப் பதினொன்றரை மணி நேரம் விளக்கு எரிகிறது. வருடத்துக்கு 4,200 மணி நேரம். டியூப்லைட் ஒன்றுக்கு 231 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 84 யூனிட். ஒரு கம்பத்துக்கு 147 யூனிட் மிச்சம். நல்ல மிச்சம்தான்.

ஆனால் அந்த எல்.இ.டி. பகலிலும் எரிந்தால்? 20 வாட்டை 24 மணி நேரமும் எரியவிட்டால் வருடத்துக்கு 175 யூனிட். 147 யூனிட் மிச்சமாக வேண்டிய இடத்தில் 56தான் மிச்சம். எங்கள் ஊரில் ஒரு தெருவில் 9 கம்பமும் பகலில் எரிந்துகொண்டிருந்தன. ஏன் என்று தேடிப்போனால், முந்தின வருடம் முளைப்பாரி ஊர்வலத்துக்கு விளக்கு அணையக்கூடாது என்று சுவிட்ச் பெட்டியைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்திருக்கிறார்கள். திருவிழா முடிந்தது, வயரை மாற்ற மறந்துபோனது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வர ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

டைமர் வைத்த பெட்டிகளிலும் ஒரு சின்ன விஷயம் இருந்தது. காரைக்குடிப் பக்கம் நவம்பர் கடைசியில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைகிறது. ஜூலையில் ஆறரை தாண்டுகிறது. எல்லா மாதத்துக்கும் ஒரே நேரத்தை வைத்தால், கோடையில் வெளிச்சம் இருக்கும்போதே விளக்கு எரியும், மழைக்காலத்தில் இருட்டிய பிறகும் எரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டைமரைத் திருத்துவது என்று முடிவானது. செயல் அலுவலர் அதை மின்பணியாளரின் வேலைப் பட்டியலில் எழுத்தாகச் சேர்த்தார். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது.

மோட்டார் அறை

எங்கள் ஊரில் பெரிய மேல்நிலைத் தொட்டி ஒரு லட்சம் லிட்டர். அதை நிரப்ப இரண்டு போர். தொட்டியை இயக்குபவர் பதினைந்து வருடமாக இதே வேலையில் இருப்பவர். விடிகாலை நாலு மணிக்கு வந்து ஸ்டார்ட்டரைப் போடுவார். அப்புறம் வால்வுகளைத் திறக்கத் தெருத் தெருவாகப் போய்விடுவார். வால்வு ஒரு மூலை, மோட்டார் ஒரு மூலை. இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பதால், தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த ஓடி வருவதற்குள் அரை மணி நேரம் தண்ணீர் வழியும்.

தொட்டியின் கீழே அந்த வழிகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு ஆச்சி தினமும் இரண்டு குடத்தோடு நிற்பார். "இது வராட்டி நேரங் காலமே தெரியாது தம்பி, தண்ணி கொட்டுற சத்தம் கேட்டாத்தான் எந்திரிப்பேன்" என்றார். அத்தனை வருடமாக அது வழிந்திருக்கிறது.

ஏழரை குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 6.6 யூனிட் இழுக்கும். தினமும் அரை மணி நேரம் வீணாக ஓடினால் வருடத்துக்கு 1,200 யூனிட். எட்டு டியூப்லைட்டை எல்.இ.டி. ஆக்கினால் மிச்சமாகும் கரண்ட், தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் இல்லாததால் வழிந்து போய்க்கொண்டிருந்தது. சுவிட்ச் போட்டோம். தொட்டியிலிருந்து மோட்டார் அறை வரைக்கும் வயர் இழுத்த கூலிதான் பெரிய செலவு. ஆச்சிக்குத் தெருக்குழாய் பக்கத்திலேயே இருந்தது. அதில் திருகு இல்லாமல் துணி கட்டியிருந்தார்கள். அதையும் சேர்த்து மாற்றினார்கள்.

வழிவது கண்ணுக்குத் தெரிந்த சேதம். இதைவிடப் பெரிய சேதம் நிலத்துக்கு அடியில் இருந்தது.

ஒரு மோட்டார் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்ஜினியரிங் கம்பெனி எதுவும் வர வேண்டியதில்லை. தொட்டியின் வெளியேறும் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். தொடக்கத்தில் மீட்டரைக் குறிக்க வேண்டும், முடிவில் குறிக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கயிற்றில் கல்லைக் கட்டி அளக்க வேண்டும். எங்கள் தொட்டியின் உள்விட்டம் 6 மீட்டர். முதல் போரை ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் 32 சென்டிமீட்டர் ஏறியது. கணக்குப் போட்டால் 9,000 லிட்டர். மீட்டர் 6.6 யூனிட் காட்டியது.

இதில் எவ்வளவு உருப்படியான வேலை? 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் தூக்க, எந்தச் சேதாரமும் இல்லாவிட்டால் 0.27 யூனிட் போதும். இது பள்ளிக்கூடத்துப் பாடம், யார் வீட்டு மோட்டாருக்கும் மாறாது. எங்கள் போரில் தண்ணீர் நிற்கும் ஆழம், தொட்டியின் உயரம், குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 80 மீட்டர் தூக்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் 9,000 லிட்டருக்கு 2 யூனிட் போதும். போனது 6.6. நூற்றுக்கு முப்பதுதான் தண்ணீராக மேலே வந்தது. நல்ல நிலையில் இருக்கும் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்) என்றால் நாற்பத்தைந்தாவது வர வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்தால், முப்பது சதவீதத்தில் 73 யூனிட். நாற்பத்தைந்து சதவீதத்தில் 48 யூனிட். வித்தியாசம் தினம் 24 யூனிட்டுக்கு மேல், வருடத்துக்கு 8,800. அறுபது டியூப்லைட்டை மாற்றுவதற்குச் சமம், ஒரே ஒரு போரில்.

எதனால் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொட்டி இயக்குபவர் சொன்னார்: "அண்ணே, போர் வாயில காதை வச்சுக் கேளுங்க. உள்ள மழை பெய்யுற மாதிரி ஒரு சத்தம் வரும்."

குனிந்து காதை வைத்தேன். இரும்புக் குழாயின் விளிம்பு குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே, எங்கோ ஆழத்தில், ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி விடாமல் ஒரு சத்தம். தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாயில் ஓட்டை விழுந்து, ஏற்றிய தண்ணீர் பாதி வழியிலேயே பீய்ச்சிக்கொண்டு திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நாளாக் கேக்குது?"

"ஒரு வருசம் இருக்கும்ண்ணே. யார்கிட்டச் சொல்றது? தண்ணி வருதுல்ல, விடுன்னுட்டாங்க."

இந்த ஆய்வில் எனக்கு மறக்க முடியாத இடம் அது. ஒரு வருடமாக ஊருக்கே பில்லைக் கூட்டிக்கொண்டிருந்த ஓட்டையின் சத்தம் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு இல்லை, கேட்க ஒரு ஆள் இல்லை. தண்ணீர் வராவிட்டால் அன்றைக்கே மறியல் நடக்கும், மோட்டாரைக் கழற்றுவார்கள். தண்ணீர் குறைவாக வந்து கரண்ட் அதிகமாகப் போனால் யாருக்கும் வலிக்காது. பில்லைக் கட்டுகிற அலுவலகத்துக்கு மோட்டார் அறையில் நடப்பது தெரியாது. மோட்டார் அறையில் இருப்பவருக்கு பில் எவ்வளவு என்று யாரும் காட்டியதில்லை.

குழாயை மேலே எடுத்தபோது மூன்று இணைப்புகளில் துரு அரித்து விரல் நுழையும் ஓட்டை. பம்பின் இம்பெல்லர்கள், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரங்கள், மணல் தேய்த்து விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தன. மோட்டாரின் கம்பிச் சுருளை மாற்றி எத்தனை முறை காயில் கட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. காயில் எரிந்தால் மறுபடி கட்டி இறக்குவதுதான் வழக்கம். அவசரத்துக்குச் சரி. ஆனால் சூடேற்றிப் பழைய கம்பியை உருவி எடுக்கும்போது உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் கெடும். ஒவ்வொரு முறையும் மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் தின்னும். மூன்றாவது முறை கட்டுவதற்குப் பதில் புது மோட்டார் வாங்குவதே லாபம் என்று நான் சொன்னதை, மன்றத்தில் ஒருவர் தவிர எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் கேட்ட கேள்வி நியாயமானது: "காயில் கட்டுறது இந்த மாசப் பணம், புது மோட்டாருக்கு மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளின்னு ரெண்டு மாசம் ஆகுமே, அதுவரைக்கும் தண்ணிக்கு?" கடைசியில் ஒரு மோட்டாரை மாற்றாக வாங்கி அறையிலேயே வைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். அவசரம் இல்லாத நேரத்தில் வாங்கியதால் தரம் பார்த்து, நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்க முடிந்தது.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு நீள நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். தினமும் மூன்று எண்: போட்ட நேரம், நிறுத்திய நேரம், மீட்டர் ரீடிங். மாதம் ஒருமுறை அந்தக் கயிறும் கல்லும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கடைசிக் கட்டத்தில் எழுதும் எண். அந்த எண் இறங்கினால் உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஊருணி

மோட்டாரைச் சரிசெய்த பிறகு மிஞ்சுவது ஆழம். தண்ணீர் மட்டம் பத்து மீட்டர் இறங்கினால், அதே ஒரு லட்சம் லிட்டருக்குத் தினம் ஆறு யூனிட் கூடும், வருடத்துக்கு 2,200. மழைநீரைச் சேமியுங்கள் என்று சுவரில் எழுதுகிறோம். அதற்கு மின்கட்டணத்தில் ஒரு விலை இருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

செட்டிநாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. வளவின் நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்து மழை உள்ளே இறங்கும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் வளவின் ஓரக் கால்வாய் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருவின் சரிவிலேயே ஓடி ஊருணிக்குப் போகும். தெரு, வாய்க்கால், ஊருணி மூன்றையும் ஒரே மட்டக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். குடிக்கிற ஊருணிக்குக் கல்படியும் சுற்றுச்சுவரும் தனி. கால் கழுவக்கூட இறங்க மாட்டார்கள். கட்டட அனுமதிக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது 2003இல்.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது? எங்கள் ஊரில் அதை உடைத்தது சாலை. பழைய சிமென்ட் சாலைக்கு மேல் இன்னொரு சிமென்ட் சாலை, அதற்கு மேல் பேவர் பிளாக். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் உயரும். முகப்புக்கு ஏறிப் போக வேண்டிய வீடுகளில் இன்று படி தரையோடு தரையாகிவிட்டது. வளவுத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓதம் ஏறுகிறது. ஊருணி காய்ந்து கிடக்கிறது. ஒரே தவறு இரண்டு பக்கமும் கெடுத்துவிட்டது. மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்திலேயே சாலை போட வேண்டும் என்று அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. அதை மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்க்காவிட்டால் ஒப்பந்தக்காரர் செய்ய மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பேரூராட்சி ஒரு ஊருணியை எடுத்துக்கொண்டது. கரையில் இருந்த சீமைக்கருவேலத்தை எடுத்தார்கள், வரத்துக்காலை நூல் பிடித்துப் பார்த்தார்கள். தெரு முனையில் மட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்ததால், சாலைக்குக் குறுக்கே குழாய்ப் பாலம் போட வேண்டியிருந்தது. மக்கள் பங்களிப்போடு நடக்கும் நமக்கு நாமே திட்டத்தில், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சில குடும்பங்கள் பணம் போட்டன. அவர்களிடம் பணம் கேட்பது கஷ்டமாக இல்லை. கோயிலுக்குத் தருவதைப் போலவே தந்தார்கள். ஐப்பசி மழையில் பாதி ஊருணி நிறைந்தது.

இங்கே ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். ஊருணி நிறைந்ததும் பேரூராட்சிப் போரின் ஆழம் குறைந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. காரைக்குடி வட்டாரத்தின் ஆழ்போர்கள் மணற்பாறை அடுக்கிலிருந்து எடுக்கின்றன. அந்த அடுக்குக்குத் தண்ணீர் வேறு இடத்தில், மெதுவாக இறங்குகிறது. காரைக்குடிக்குப் பேர் வாங்கிக்கொடுத்த சம்பை ஊற்றின் இனிப்புத் தண்ணீரும் இந்த நில அமைப்பு தந்த கொடைதான். ஒரு ஊருணி, ஒரு மழை அதை அசைக்காது. ஊருணி நிரம்பினால் ஏறுவது பக்கத்து வீட்டுக் கிணறுகள். ஏறிய கிணற்றில் துணி துவைக்கவும் மாடு கழுவவும் செடிக்கு ஊற்றவும் தண்ணீர் கிடைக்கிறது. அந்தத் தெருக்களில் குழாய்த் தண்ணீர் போதவில்லை என்ற புகார் கோடையில் குறைந்தது. வால்வைத் திறந்துவைக்கும் நேரத்தை அங்கே கொஞ்சம் குறைக்க முடிந்தது. மின்சேமிப்பு இப்படிச் சுற்றி வளைத்துத்தான் வந்தது.

திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக இராமநாதபுரம் வரைக்கும் தண்ணீர் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 616 கோடி ரூபாயில் போட்டார்கள். வறண்ட ஊர்களுக்கு அது உயிர்த்தண்ணீர், அதைப் பற்றி மறுபேச்சில்லை. ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டுவரும் ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்று நினைத்தால், வீட்டு வாசலில் விழுகிற மழையைச் சாக்கடைக்கு விட மனம் வராது.

சோலார்

முதலில் பேச்சு எழுந்த சோலாருக்கு இப்போது வருகிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைப் பற்றி மன்றத்தில் பேசினார்கள். 2006இல் வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்பும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தனக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற ஊராட்சி அது. பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் ஓடந்துறை அதற்கு முன்பே பல வருடம் தன் செலவைக் கணக்குப் பார்த்து, கையில் காசு சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் காற்றாலையை மட்டும் நாம் பேசுகிறோம்.

எங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சி நிற்கிறது. சோலார் தெருவிளக்குகள் சில வருடங்களுக்கு முன்பு வந்தன. சோலார் தகடு இருபது வருடம் தாங்கும். அதன் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம். பேட்டரி தீர்ந்ததும் மாற்றப் பணம் ஒதுக்கப்படவில்லை. கண்மாய்க்கரைக் கம்பத்தின் பேட்டரிப் பெட்டியில் இப்போது மைனா கூடு கட்டியிருக்கிறது. தகட்டில் செம்மண் புழுதி ஒரு விரல் கனம்.

பக்கத்திலேயே, காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிலையம். பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முக்கியமான இடம். பேட்டரி தெரிந்த ஊருக்கு அரை மணி தூரத்தில் பேட்டரி இல்லாத கம்பங்கள் நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த வட்டாரப் பேரூராட்சிகள் சேர்ந்து அந்த நிலையத்தின் கதவைத் தட்டி யோசனை கேட்கலாம். இதுவரை கேட்கவில்லை.

அலுவலக மாடி சோலார் கடைசியில் வந்தது, 2023இல். பகலில் மின்விசிறி, கணினி எல்லாம் அதில் ஓடுகின்றன. மோட்டாருக்கு அது போதாது. பராமரிப்புக்கு வருடம் இவ்வளவு என்று பொது நிதியில் தனித் தலைப்பு போட்ட பிறகே வேலையைத் தொடங்கினார்கள். தகடு துடைக்க நீளக் குச்சித் துடைப்பமும் வாங்கினார்கள்.

தொடாத இடங்கள்

குப்பைக்கு வளம் மீட்புப் பூங்கா இருக்கிறது, பேட்டரி வண்டிகள் வந்திருக்கின்றன, மக்கும் குப்பை உரமாகிறது. தூய்மைப் பணியாளர்கள் நன்றாகவே செய்கிறார்கள். கல்யாண சீசனில் மட்டும் தரம் பிரிப்பது நின்றுபோகிறது. அதை மண்டபக்காரர்களோடு பேசித் தீர்க்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வீடுகள். கனமான சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த விட்டம், நாட்டு ஓடு, நடுவில் திறந்த வளவு. சித்திரை மத்தியானத்திலும் பட்டாலையில் பாய் போட்டுப் படுத்தால் மின்விசிறி தேவைப்படாது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் மரத்துக்காகவும் தூணுக்காகவும் வீடுகளை இடிப்பது நிற்கவில்லை. இடித்த இடத்தில் எழும் கான்கிரீட் பெட்டிக்கு இரண்டு ஏ.சி. வேண்டும். இடிப்புக்கும் கட்டுவதற்கும் அனுமதி கொடுப்பது உள்ளாட்சிதான். பழைய வீட்டைப் பழுதுபார்த்துக் குடியிருப்பவருக்குச் சொத்து வரியில் ஏதாவது சலுகை கொடுக்க முடியுமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மன்றத்தில் இன்னும் அது பொருளாக வரவில்லை.

மோட்டார் அறை நோட்டு இப்போது மூன்றாவது. நடுவில், தொட்டி இயக்குபவர் உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் லீவில் இருந்தபோது பக்கங்கள் காலியாகக் கிடந்தன. மாற்று ஆளுக்கு எழுதச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். திரும்பி வந்ததும் அவரே கட்டம் போட்டுத் தொடர்ந்தார்.

போன வாரம் அவர் போன் பண்ணினார். இரண்டாவது போரில் யூனிட்டுக்கு வரும் லிட்டர் இரண்டு மாதமாக இறங்கியிருக்கிறது. "காதை வச்சுப் பாத்தேண்ணே, சத்தம் எதுவும் இல்ல. தேய்மானமாத்தான் இருக்கும்" என்றார். செயல் அலுவலரிடம் அன்றைக்கே நோட்டைக் காட்டிவிட்டார். மாற்று மோட்டார் அறையில் தயாராக இருக்கிறது. வரும் திங்கள், காலைத் தண்ணீர் விட்டு முடித்ததும் குழாயை மேலே எடுக்கிறோம்.